சாமியின் வலது கால்

முதன்முதலில் அந்தக் காலை நான் பார்த்தது கம்ப்யூட்டர் திரையில்தான். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தின் டிசைன் பிரிவில் அப்போது எனக்கு மூன்றாவது வருடம். ஸ்கேன் செய்த போட்டோவை நான்கு மடங்கு பெரிதாக்கியதும் திரை முழுக்க ஒரு பாதம் மட்டும் நின்றது. பெருவிரல் கறுத்துச் சுருங்கியிருந்தது. அடுத்த விரல் இருக்க வேண்டிய இடத்தில் விரலே இல்லை. புறங்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது, பாதத்தின் ஓரத்தில் மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறத்தில் ஈரமாக ஒரு குழி. இடது பாதம் நன்றாக இருந்ததால் அதைப் பிரதி எடுத்து, திருப்பிப் போட்டு, வலது பக்கத்தில் ஒட்டினேன். நகங்களுக்குக் கொஞ்சம் வெளிச்சம் வைத்தேன். இருபது நிமிட வேலை. முடித்துவிட்டு எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறந்தேன். மௌஸைப் பிடித்த கையைக் கழுவுகிற பைத்தியத்தைப் பார்த்துப் பக்கத்து சீட் அக்கா சிரித்தாள்.

எனக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தாயில்பட்டியில் பெரியப்பா வீட்டில் வளர்ந்தேன். பட்டாசு வேலைக்குப் போய்வருகிறவர்களின் விரலிடுக்கில் அலுமினியப் பவுடரின் வெள்ளி நிறம் எத்தனை தேய்த்தாலும் போகாது. அந்தக் கையால் பிசைந்த சோறு வேண்டாம் என்று அடம்பிடித்து அம்மாவிடம் அகப்பையால் அடி வாங்கியிருக்கிறேன். "பெரிய கலெக்டரு வீட்டுப் புள்ள, இவளுக்கு எல்லாம் கொமட்டும்" என்பாள் அம்மா. அப்பா இறந்தபோது எனக்கு ஆறு வயது. அம்மாவையும் என்னையும் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டவர் பெரியப்பா. படிக்கவைத்தார். அச்சக வேலைகூட அவர் சொல்லிக் கிடைத்ததுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோறு போட்ட மனிதரைப் பற்றி இப்படியா எழுதுவாள் என்று பின்னால் யாருக்காவது தோன்றினால் தோன்றட்டும்.

பெரியப்பா பல வருடம் பட்டாசு யூனிட் ஒன்றில் போர்மேனாக இருந்துவிட்டு, பிறகு சொந்தமாக ஒன்று போட்டார். ஊருக்கு வெளியே கரிசல் தரிசில், வேப்பமரங்களுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி எட்டு ரூம். நாலாவது வருடம் மருந்து கலக்கும் ரூம் வெடித்தது. இரண்டு பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு மனிதர் பழைய மனிதராக இல்லை. இருக்கன்குடி மாரியம்மனுக்கு வருடம் தவறாமல் கிடா வெட்டினார். யூனிட் வாசலில் பூசணிக்காய், வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம், அமாவாசைக்கு அமாவாசை பூசை என்று எதையும் விடவில்லை. எதுவும் அவருக்குப் போதவும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அடுப்படியில் ஒரு செம்பு விழுந்தால் எச்சில் கையோடு வாசலுக்கு ஓடுவார்.

அப்படி இருந்தவரிடம்தான் சாமி வந்து மாட்டிக்கொண்டார். சதுரகிரியிலிருந்து இறங்கித் திருச்செந்தூருக்கு நடந்து போய்க்கொண்டிருந்த பரதேசிச் சாமியார் அவர். எந்த ஊர், என்ன பேர் என்று யாருக்கும் தெரியாது. துறவு வாங்கும்போது தனக்குத்தானே கருமாதி செய்துகொண்டவர். பழைய கதையைக் கேட்டால் "அந்த ஆளு செத்துப்போயிட்டான்" என்று முடித்துவிடுவார். ஒரு ஊரில் மூன்று ராத்திரிக்கு மேல் தங்குவதில்லை, வண்டியில் ஏறுவதில்லை, காலில் செருப்புப் போடுவதில்லை என்று முப்பது வருடமாக நடந்தவர். கொடுத்ததைச் சாப்பிட்டு, கிடைத்த இடத்தில் படுத்து, எப்போது உடம்பில் சர்க்கரை ஏறியது என்றே அவருக்குத் தெரியவில்லை. வரும் வழியில் எங்கேயோ சீமைக்கருவேல முள் ஒன்று காலில் ஏறியிருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி செத்துப்போயிருந்ததால் முள்ளோடு இரண்டு நாள் நடந்திருக்கிறார். பெரியப்பாவின் யூனிட் வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தார். மூன்று ராத்திரி முடிந்து நாலாம் நாள் காலையில் கிளம்பப் பார்த்தார். எழுந்து நிற்க முடியவில்லை.

ஊர் அதைப் புரிந்துகொண்ட விதம்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. எந்த ஊரிலும் மூன்று ராத்திரிக்கு மேல் தங்காத சாமி நம் ஊரில் நாலாவது ராத்திரியும் தங்கிவிட்டது, ஆகவே சாமி இந்த மண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்றார்கள். நடக்க முடியாத ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. பெரியப்பா தகரம் போட்டு ஒரு கொட்டகை எழுப்பினார். ஜனங்கள் வந்து விழுந்து கும்பிட்டார்கள். எல்லோர் கையிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. சாமிக்கு அது ரொம்ப இஷ்டம் என்று எவரோ சொல்லிவிட்டார், சாமியும் சாப்பிட்டார். இஷ்டம் என்பதும் உண்மைதான், அதை அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார். காலில் சீழ் ஓட ஓட வாயில் பால்கோவாவை ஊட்டிக்கொண்டிருந்தார்கள். நாட்டு மருந்து என்று எதையெதையோ அரைத்துக் கட்டினார்கள். டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்று சொன்ன ஒருத்தி யூனிட்டில் திரி வெட்டுகிற அக்கா. "சாமிய ஊசி போடக் கூட்டிட்டுப் போவாகளாக்கும்" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்கள்.

ஆடி பிறந்ததும் பெரியப்பா அச்சகத்துக்கு வந்தார். வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அடுத்த வருடக் காலண்டர் எங்களுக்கு இந்த வருடம் ஆடியிலேயே பிறந்துவிடும். ஆடிப்பெருக்குக்குப் புது மாதிரிப்பட ஆல்பம் வந்துவிட்டால் பிறகு மூச்சுவிட நேரம் இருக்காது. அடுத்த வருடத்துப் பொங்கலையும் தீபாவளியையும் பிரதோஷத்தையும் ஆறு மாதம் முன்னாலேயே அச்சடித்துப் பழகிய ஊர் இது. பெரியப்பா பையிலிருந்து சாமியின் போட்டோக்களையும் நோட்டுத்தாளில் எழுதிய வாசகத்தையும் எடுத்து என் மேஜையில் வைத்தார். "ஜீவ சமாதி அடைந்த தாயில்பட்டி மௌன சுவாமிகள்" என்று ஆரம்பித்தது அது. சாமி மௌனியே அல்ல, நன்றாகப் பேசுவார். கீழே, "முதலாம் ஆண்டு குருபூஜை" என்று போட்டு அடுத்த வருடம் ஆவணியில் ஒரு தேதி, நட்சத்திரம். இந்த வருடம் ஆவணி பிறக்கவே இன்னும் நாலு வாரம் இருந்தது.

"பெரியப்பா, சாமி இருக்காகள்ல?" என்றேன்.

"இருக்காகத்தா. நல்லாத்தான் இருக்காக. சோசியரு நாள் குறிச்சுக் குடுத்துட்டாரு, ஆவணி தாண்டாதுன்னு. அப்பொறமா வந்து நின்னா சீசன்ல எவன் நம்ம ஆர்டரை மெசின்ல ஏத்துவான்? நீயே சொல்லு."

நான் என்ன சொல்வது? தொழில் முறையில் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. வாசகத்தை டைப் செய்தேன், பாதத்தைத் திருத்தினேன், சாமியின் பின்னால் ஒளிவட்டம் போட்டேன். பெரியப்பா ஒரு புலித்தோலும் மடியில் ஒரு மான்குட்டியும் கேட்டார். அச்சகத்தில் புலித்தோலுக்கும் மானுக்கும் பஞ்சமில்லை, ரெடியாக இருந்தவற்றை எடுத்து வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அச்சுக்கு ஏற்றும் முன் சரிபார்க்கிற புரூப் தாளைக் காட்ட ஊருக்குப் போனேன். பெரியப்பா இருக்கன்குடிக்குப் போயிருந்தார். வர மத்தியானம் ஆகும், நீ போய்ச் சாமியைக் கும்பிட்டு வா என்றாள் அம்மா. கொட்டகைக்கு முன்னால் இருபதடி தூரத்திலேயே வாடை வந்துவிட்டது. வாடை என்று எழுதுவதெல்லாம் மரியாதைக்கு. கிணற்றில் விழுந்து ஊறிய ஆட்டை வெளியே எடுத்துப்போட்டால் வருமே, அது. அதோடு ஊதுபத்தி, கற்பூரம், பால்கோவா. கொட்டகைக்குப் பின்னால் புதிதாக ஒரு குழி, சதுரமாக, ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காருகிற அளவுக்கு. துறவிகளைப் படுக்கவைத்துப் புதைப்பதில்லை, உட்காரவைத்து, திருநீறும் உப்பும் வில்வமும் கொட்டி மூடுவார்கள். சுற்றிலும் அள்ளிப்போட்ட கரிசல் மண் இன்னும் ஈரம் காயவில்லை. கரையில் மூட்டை மூட்டையாகத் திருநீறு அடுக்கி, மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள்.

உள்ளே சாமி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்குக் கீழே நீட்டியிருந்த காலை ஒரு நாய் நக்கிக்கொண்டிருந்தது. யூனிட்டுக் குப்பையில் புரண்டு புரண்டு மூஞ்சியெல்லாம் வெள்ளி படிந்த, பாதி முடி கொட்டிய பெட்டை நாய். அது அவசரப்படாமல் பாதத்து ஓரத்தின் புண்குழியைச் சுற்றிச் சுற்றி நக்கியது. புழு ஒன்று நெளிந்ததைப் பார்த்தேன். அதையும் நாக்கால் எடுத்துக்கொண்டது. நான் வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது சாமி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமோ வருத்தமோ இல்லை. கொஞ்சம் சந்தோஷப்பட்ட மாதிரிகூட இருந்தது.

"இத்தனை நாள்ல நீ ஒருத்திதான் தாயி வாந்தி எடுத்தே. மத்தவங்க கையெடுத்துக் கும்பிடுறாங்க" என்றார்.

நாயை விரட்டவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். முப்பது வருடம் நாய்க்குப் பயந்து கம்போடு நடந்தவர் தான் என்றும், அகாலத்தில் ஊருக்குள் நுழைகிற பரதேசியை நாய் ஒருநாளும் சும்மா விட்டதில்லை என்றும், கல்லை விட்டெறிந்து ஒரு நாயின் கண்ணைக்கூடக் கெடுத்திருப்பதாகவும் சொன்னார். "இதுக்கு என் சீழு மட்டும் போதும். அவங்களுக்கு நான் முழுசா வேணும்" என்று சொல்லிவிட்டு, தகரச் சுவரில் ஒட்டியிருந்த பல்லியைக் காட்டினார். பத்து நாளுக்கு முன்னால் அதன் வாலை ஒரு பூனை பிடித்ததாம். வாலை விட்டுவிட்டு மேலே ஓடிவிட்டதாம். இப்போது குட்டையாக ஒரு வால் முளைத்துக்கொண்டிருந்தது. "அது முட்டாளா? உடம்பு பொய்யின்னு ஊர் ஊரா சொல்லிக்கிட்டுப் போனவன் நான். பல்லிக்கு அது தெரியல பாரு" என்றார். அவர் உபதேசம் செய்யவில்லை. பொறாமையோடுதான் அந்தப் பல்லியைப் பார்த்தார்.

கையில் என்ன என்று கேட்டார். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. ஏன் கொடுத்தேன் என்று பல முறை யோசித்திருக்கிறேன், நல்ல காரணம் எதுவும் அகப்படவில்லை. அவர் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். மான்குட்டியைப் பார்த்துச் சிரித்தார். பாதத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு கீழே தேதிக்கு வந்தார். உதடு அசைய இரண்டு தரம் படித்தார். "ரோட்டுல மாட்டுக்குக் கால் ஒடிஞ்சா அடிமாட்டுக்கு ஏத்திருவாங்க. எனக்கு மாலை போட்டு ஏத்துறாங்க. அவ்வளவுதான்" என்றார். பிறகு வாசலைப் பார்த்துவிட்டு, திருடன் பேசுகிற குரலில் சொன்னார்: "தாயி, எனக்குச் சாக இஷ்டமில்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரு. காலை எடுத்தாலும் சரி."

அந்த முகத்தில் சாமி என்று எதுவும் இல்லை. தாடிக்குள் பயந்துபோன ஒரு கிழவன் இருந்தான். அதுவும் எனக்குக் கொஞ்சம் அருவருப்பாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இவ்வளவு துறந்தவர் இப்படியா கெஞ்சுவது என்று ஒரு நொடி நினைத்தேன். அப்புறம் வெளியே குழியைப் பார்த்தேன், ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன். முதல் ஆட்டோக்காரர் வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். பேப்பர் பண்டல் ஏற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு லோடு ஆட்டோ நின்றது. யூனிட்டில் ஞாயிற்றுக்கிழமையானதால் ஆள் இல்லை. திரி வெட்டுகிற அக்கா மட்டும் பக்கத்துக் காட்டில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் நானும் டிரைவரும் சேர்ந்து தூக்கினோம். முப்பது வருடமாக வண்டியில் ஏறாத மனிதர் பேப்பர் துண்டுகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு, சாத்தூர் தாண்டும்வரை கண்ணை மூடியே இருந்தார். நாய் ஊர் எல்லைவரை பின்னால் ஓடி வந்தது.

விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முழங்காலுக்குக் கீழே எடுத்தால் பிழைப்பார், இன்னும் இரண்டு நாள் போனால் அதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். "நடக்க முடியுமா?" என்று சாமி கேட்டார். அக்குளில் கட்டை வைத்து நடக்கலாம் என்றார்கள். அது போதும் என்றார். சம்மதப் படிவத்தில் உறவுமுறை என்று ஒரு கட்டம் இருந்தது. தனக்கு உறவென்று யாரும் கிடையாது என்று அவர் சொன்னதை அவர்கள் ஏற்கவில்லை. நான் 'மகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலையில், திரி வெட்டுகிற அக்காவிடம் விசாரித்துக்கொண்டு பெரியப்பா வந்து சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. வராண்டாவில் என்னைப் பார்த்ததும் அடிக்கத்தான் கை ஓங்கினார். பிறகு அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

"என்னத்தா காரியம் பண்ணிட்ட. ஒத்தக்கால வச்சுக்கிட்டு எப்பிடித்தா சம்மணம் போட்டு உக்காரவைக்கிறது? கொறபட்ட ஒடம்பு யூனிட்டுக் காவலுக்கு ஆகுமா?"

"அவுகளுக்குச் சாக இஷ்டமில்ல பெரியப்பா."

"யாருக்குத்தான் இஷ்டம்? அந்த ரெண்டு பேத்துக்கு இஷ்டமா இருந்துச்சா?" என்றார். பிறகு தன் உள்ளங்கைகளை என் முன்னால் விரித்துக் காட்டினார். "இந்தக் கையாலதான்த்தா பெறக்குனேன். வேப்பமரத்துல இருந்தெல்லாம் பெறக்குனேன். எது யாருதுன்னு தெரியாம ரெண்டு சாக்குல பிரிச்சுக் கட்டிக் குடுத்தேன். இன்னொரு தடவ என்னால ஏலாதுத்தா." பெரியவர்கள் அழும்போது மூக்கு ஒழுகுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் ஆயா ஒருத்தி பச்சைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்தாள். "சாமியாருக்கு ஆளு யாரு? இதை வாங்கிட்டுப் போய்ப் பொதைச்சிருங்க. இங்கன ஒரு கையெழுத்து" என்றாள். நீளமாக, ஒரு முனை வளைந்து, துணியின் அடியில் ஈரம் கசிந்திருந்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். பொட்டலத்தை வாங்க மட்டும் கை நீளவில்லை. அவள் நீட்டிக்கொண்டே நின்றாள். "குடும்மா, நான் வாங்கிக்கிடுதேன்" என்று பெரியப்பா எழுந்து வந்தார். இரண்டு கைகளையும் சேர்த்து, பிறந்த பிள்ளையை வாங்குவதுபோல் வாங்கினார். அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த நிம்மதிக்கு என்ன விலை என்று அப்போது தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அம்மா போன் செய்து, சாமி சமாதி ஆகிவிட்டது, நீ கொடுத்துவைக்கவில்லை என்று அழுதாள். நான் அப்போது ஆஸ்பத்திரியில் சாமிக்கு இட்லி பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சதுரகிரி அடிவாரத்தில் சாமி அடங்கிவிட்டதாகப் பெரியப்பா சொல்ல, உட்கார்ந்த ஆள் அளவுக்கு ஆசாரியை வைத்துச் செய்த பலகைப்பெட்டி ஒன்று காவித்துணி போர்த்தி வேனில் வந்ததாம். சாமி முகத்தை யாரும் பார்க்கக்கூடாது என்று உத்தரவாம். ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு கை திருநீறு போட்டுக் குழியை மூடினார்களாம். அம்மாவும் இரண்டு கை போட்டாளாம். போனை வைத்துவிட்டு மிச்ச இட்லியைப் பிட்டுக் கொடுத்தேன்.

பெரியப்பாவை நேரில் கேட்டேன். அவர் என் கண்ணைப் பார்த்தே பதில் சொன்னார். "சாமி உள்ள இருக்காகன்னுதான் சொன்னேன். முழுசா இருக்காகன்னு எவன்கிட்டயும் சொல்லலையே. முப்பது வருசம் தேசம் பூரா நடந்த காலுத்தா அது. அதுக்குச் சத்தி இல்லாமலா போகும்? நீ காலண்டர்ல தேதிய மட்டும் மாத்திக் குடு." மாத்திக் கொடுத்தேன். ஆவணியை எடுத்துவிட்டு ஆடி போட்டேன். வேலையை விட்டிருக்கலாம், ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம், ஒன்றும் செய்யவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இரண்டு வார்த்தை அடித்தேன், அது மெஷினுக்குப் போய்விட்டது.

சாமியிடம் மறைக்க மனசில்லாமல் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கொஞ்சம் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றுபோய் முகம் கோணியது. "சீ" என்றார். என்னை முதல் தடவையாக வெறுப்போடு பார்த்தார். "தோண்டி எடுத்து அந்த நாய்க்குப் போடச் சொல்லு. அந்தக் காலுக்குன்னு பாடுபட்டது அது ஒண்ணுதான்." அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவில்லை. சடையை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள், தாடியையும் மழித்தார்கள். ஒன்றரை மாதம் வராண்டாவில் கட்டை ஊன்றி நடந்து பழகினார். விழுந்து, எழுந்து, திட்டிக்கொண்டே பழகினார். ஒரு சனிக்கிழமை நான் போனபோது கட்டில் காலியாக இருந்தது. திருச்செந்தூர்ப் பக்கம் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையிலேயே கிளம்பிவிட்டார் என்றார்கள். எனக்கு என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

இன்றைக்கு அந்த இடத்தைப் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள். தகரக் கொட்டகை இருந்த இடத்தில் டைல்ஸ் பதித்த மண்டபம், மேலே சின்னதாகக் கோபுரம். பௌர்ணமிக்குச் சாத்தூரிலிருந்தும் விஸ்வநத்தத்திலிருந்தும் வேன் போட்டு வருகிறார்கள். உள்ளே என் காலண்டர் படம் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, புலித்தோல், மான், இரண்டு நல்ல பாதங்களோடு. பெரியப்பாவின் யூனிட்டில் அதன்பிறகு ஒரு விபத்தும் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது சாமியின் காலால் என்று அவர் சொல்கிறார். பயம் வந்த பிறகு மருந்து ரூமில் அவர் கொண்டுவந்த கட்டுப்பாட்டால் என்று நான் நினைக்கிறேன். நான் நினைப்பதை யார் கேட்டார்கள்? கல்யாணமாகி விருதுநகருக்கு வந்த பிறகும் வருடத்துக்கு ஒரு தடவை போய் நின்று, தட்டில் நீட்டுகிற திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டு வருகிறேன். பூசும்போது ஒவ்வொரு தடவையும் குமட்டுகிறது.

முதல் குருபூஜை அன்று நடந்ததை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. பந்தலில் அன்னதானம். வந்திருந்த பரதேசிகளைத் தனி வரிசையில் சமாதிக்கு எதிரே உட்காரவைத்து, பெரியப்பா தன் கையால் ஆளுக்கு ஒரு காவி வேட்டி கொடுத்துக்கொண்டு வந்தார். எதிர் வரிசையில் இலை போட்டு நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். பரதேசிகள் வரிசையின் கடைசியில் கட்டையைப் பக்கத்தில் கிடத்திவிட்டு, ஒட்ட வெட்டிய நரைமுடியும் குழி விழுந்த கன்னமுமாக அவர் இருந்தார். பெரியப்பா அவர் முன்னால் வந்ததும் நின்றார். குனிந்து வேட்டியை அவர் மடியில் வைத்தார்.

"எப்படி இருக்கு காலு?" என்று சாமி தாழ்ந்த குரலில் கேட்டது எனக்குக் கேட்டது.

"ஒரு கொறையும் இல்ல சாமி. ஒரு வருசமா ஒரு பொறி விழல" என்றார் பெரியப்பா, அதே தாழ்ந்த குரலில். பெரியப்பா நகர்ந்துபோய்விட்டார்.

சாம்பார் வாளியோடு வந்த விழாக்குழு ஆள் அவரைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். ஒற்றைக்கால் ஆளால் சம்மணம் போட முடியாது. இருக்கிற காலை முன்னால் நீட்டி வைத்தால்தான் சாயாமல் உட்காரலாம். அந்தக் கால் நேராகச் சமாதியைப் பார்த்து நீண்டிருந்தது. "ஏ பெரியவரே, காலை மடக்குங்க. சாமி இருக்க பக்கமா நீட்டிக்கிட்டு இருக்கீக, இம்புட்டு வயசாகியும் அறிவு வேண்டாமா?" என்று சத்தம் போட்டான். பந்தலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாமி காலை மடக்கிப் பார்த்தார், சரிந்தார். பிறகு இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, முழுக்கத் திரும்பி உட்கார்ந்தார். இலையையும் இழுத்து முன்னால் போட்டுக்கொண்டார். சமாதிக்கு முதுகைக் காட்டியபடி, எச்சிலிலைக் குவியலையும் அங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்த நாய்களையும் பார்த்துக்கொண்டு, நன்றாகப் பசித்தவர் போலச் சாப்பிட்டார். சாம்பார் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார். கை கழுவ எழுந்தபோதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். பார்வையை எடுக்காமல், கட்டையில் சாய்ந்துகொண்டு, சற்று நேரம் அப்படியே நின்றார்.

"யாருத்தா அந்த நொண்டிச் சாமியாரு? ஒன்னயவே பாத்துக்கிட்டு நிக்காக. தெரிஞ்சவுகளா?" என்று அம்மா கேட்டாள்.

தெரியாதும்மா என்று சொல்லிவிட்டு, குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.